பிறப்பும் இறப்பும் ஒரே தேதியில்

பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைக் கையாண்ட குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கும். சில சமயம் இரண்டு பதிவேடுகளிலும் ஒரே தேதியில் ஒரே தகப்பன் பெயர், ஒரே தாய் பெயர், ஒரே விலாசம் வரும். ஒன்றில் பிறப்பு, மற்றொன்றில் இறப்பு. வயது என்ற கட்டத்தில் ‘2 மணி நேரம்’ என்றோ ‘20 நிமிடம்’ என்றோ இருக்கும். பெயர் என்ற கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும். எழுதுகிறவன் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்துவான். பிறகு அடுத்த படிவத்தை எடுப்பான்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பதிவுகளில் ஏறத்தாழ எல்லாமே எதிர்பாராமல் நடந்தவை. இன்று நிலைமை வேறு. பிறக்கப் போகும் குழந்தை பிழைக்காது என்பது பல குடும்பங்களுக்கு நான்கைந்து மாதம் முன்னதாகவே தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் சில தாய்மார்கள் சுமக்கிறார்கள், பெறுகிறார்கள். அந்த நான்கைந்து மாதங்களை ஒரு குடும்பம் எப்படிக் கடப்பது? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்தில் இது யாரோ எவரோ வீட்டு விஷயம் அல்ல. சி.டி.எச். ரோட்டில் வரிசையாக இருக்கும் ஸ்கேன் சென்டர்களில் ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்கப் போகிற எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடியது. இதன் சரித்திரத்தை எனக்குத் தெரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

முதலில் பழைய காலம். 1971-இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-இல் அது 28. தமிழ்நாட்டில் 13. என் தலைமுறையில் பிறந்தவர்கள் வீட்டில் ‘தங்காத’ அண்ணனோ அக்காவோ இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றிப் பேச மாட்டார்கள், ஆனால் எண்ணிக்கையில் சேர்ப்பார்கள். “எனக்குப் பிறந்தது எட்டு, இருக்கிறது ஐந்து” என்பார்கள் பாட்டிமார்கள்.

குழந்தை தங்காது என்ற பயத்துக்கு நம் ஜனங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள் வாக்காளர் பட்டியலிலேயே தெரியும். குப்புசாமி, குப்பம்மாள், குப்பன், பிச்சை, பிச்சையம்மாள் என்ற பெயர்களைப் பாருங்கள். முன்னால் பிறந்தவை தவறிப்போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்தோ, பிச்சையாக வாங்கியதாகப் பாவனை செய்தோ பெயர் வைப்பார்கள். எமனுக்கு ஆசை வராதபடி, மதிப்பில்லாத பொருளாகக் காட்டும் தந்திரம். பிறப்பதற்கு முன்னால் தொட்டில் வாங்கக் கூடாது, புதுச் சட்டை தைக்கக் கூடாது, பெயரைப் பேசக் கூடாது என்பதெல்லாம் இதே பயத்தில் வந்தவைதான். தீட்டுக் கழித்துப் பதினோராம் நாளுக்குப் பிறகுதான் பெயர். அதற்குள் போய்விட்டால் பெயரில்லாமலே போகும். பல் முளைக்காத குழந்தையைப் பெரும்பாலான குடும்பங்களில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். கருமாதி கிடையாது. தாய் மயானத்துக்குப் போவதில்லை. சில வீடுகளில் குழந்தையின் முகத்தைக் கூட அவளுக்குக் காட்டியதில்லை. “பார்த்தால் மறக்க முடியாது” என்பது காரணம். நல்லெண்ணம்தான். ஆனால் பார்க்காததாலும் எந்தத் தாயும் மறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் பழைய இலக்கியத்தில் இதற்கு நேர்மாறான ஒரு சாட்சி உண்டு. புறநானூற்றில் 74-ஆம் பாட்டு, சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. சிறையில் தண்ணீருக்காகக் காக்க வைக்கப்பட்ட அவமானத்தில் பாடியதாகச் சொல்வார்கள். குழந்தை இறந்தே பிறந்தாலும், உருவமில்லாத தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதையும் ஆள் அல்ல என்று ஒதுக்காமல் வாளால் வெட்டியே அடக்கம் செய்யும் குலம் என்று அதில் வருகிறது. வீர மரணத்தின் சடங்கை அந்தப் பிண்டத்துக்கும் செய்தார்கள். வெட்டுவது நமக்கு உவப்பாக இல்லாமல் போகலாம். ஆனால் ‘இதுவும் ஓர் ஆள்’ என்று எண்ணிய மனதைக் கவனிக்க வேண்டும்.

பிரெஞ்சு மொழியில் பள்ளிப் படிப்பு படித்தவன் என்பதால் அந்தப் பக்கத்துச் சரித்திரமும் கொஞ்சம் படித்திருக்கிறேன். அங்கே கவலை வேறு விதம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, ‘லேம்ப்’ என்ற இடைவெளியில் நிற்கும் என்று நம்பினார்கள். கோயில் கல்லறையிலும் இடம் கிடையாது. அதனால் இறந்து பிறந்த குழந்தையைச் சில மாதா கோயில்களுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பீடத்தின் மேல் கிடத்தி எல்லோரும் ஜெபிப்பார்கள். உதட்டில் நிறம் மாறியது, ஒரு துளி ஈரம் தெரிந்தது என்று யாராவது சொன்னால் போதும், அந்தக் கணத்தில் ஞானஸ்நானம் கொடுத்துப் புதைப்பார்கள். இந்தக் கோயில்களுக்கு ‘சாங்த்துவேர் ஆ ரெப்பி’ என்று பெயர். ரெப்பி என்றால் சற்றே கிடைத்த அவகாசம். ழாக் ழேலிஸ் என்ற சரித்திர ஆசிரியர் இவற்றைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரி இதைக் கண்டித்தும் வழக்கம் நிற்கவில்லை, 19-ஆம் நூற்றாண்டு வரை நடந்தது. 2007-இல்தான் வத்திக்கானின் இறையியல் ஆணையம், ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப ஆதாரம் உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. அந்தக் கிராமத்து ஜனங்கள் கேட்டது என்ன? பிழைக்க வை என்று கேட்கவில்லை. ஒரு கணம் இருந்தது என்று எழுதிக்கொள்ள அனுமதி கேட்டார்கள்.

இனி நம் காலம். கர்ப்பத்துக்குள் இருப்பதை ஒலி அலையால் பார்க்க முடியும் என்பதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்டும் சகாக்களும் 1958-இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். நம் ஊருக்கு அது பரவலாக வர இன்னும் இருபது முப்பது வருஷமாயிற்று. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-இல் தொடங்கியது. அதில் பிறந்த தலைமுறை தலைமுறையான குழந்தைகளை யாரும் முன்கூட்டிப் பார்த்ததில்லை. வயிற்றில் கை வைத்துப் பார்ப்பதும், குழலை வைத்துக் கேட்பதும்தான். இன்று 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் மூளை, இருதயம், சிறுநீரகம், முதுகெலும்பு எல்லாம் தெரிகின்றன.

பிழைக்க வழியே இல்லாத குறைகள் சில உண்டு. தலை ஓடும் மூளையின் பெரும் பகுதியும் உருவாகாமல் போவது ஒன்று. கரு உருவான முதல் நான்கு வாரத்தில் நரம்புக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும், மூடாவிட்டால் இது நேர்கிறது. இரண்டு சிறுநீரகங்களும் இல்லாமல் போவது இன்னொன்று. சிறுநீரகம் இல்லாவிட்டால் பனிக்குட நீர் குறைகிறது, நீர் குறைந்தால் நுரையீரல் வளர்வதில்லை, அதனால் வெளியே வந்ததும் மூச்சுவிட முடியாது. 13-ஆம், 18-ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் நிலைகள் வேறு. இவற்றில் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வருஷம் தாண்டுவதில்லை. முதலாவதைப் பெருமளவு தடுக்கலாம். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட்டால், ஏற்கெனவே இப்படிக் குழந்தை பெற்றவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைகிறது என்று 1991-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியது. இங்கே கர்ப்பம் தெரிந்த பிறகுதான் மாத்திரை தருகிறார்கள் என்பது குறை. அதற்குள் அந்த நான்கு வாரம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது.

தெரிந்த பின் என்ன செய்வது என்பதில் சட்டம் குறுக்கே நின்றது. சாந்திலால் ஷா கமிட்டியின் சிபாரிசை வைத்து 1971-இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 12 வாரம் வரை ஒரு மருத்துவர், 20 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் சம்மதம். அதற்குமேல் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும். அந்த நாளில் ஸ்கேன் இல்லாததால் 20 வாரம் என்பது தாராளமாகத் தோன்றியிருக்கும். ஸ்கேன் வந்த பிறகு அதுவே கழுத்தைப் பிடித்தது. குறை தெரிவதே 19, 20-ஆம் வாரத்தில். வெள்ளிக்கிழமை ஸ்கேன், திங்கட்கிழமை கெடு என்று தவித்த குடும்பங்கள் உண்டு.

2008-இல் மும்பையில் ஒரு தம்பதி, தங்கள் மருத்துவர் நிகில் தாதாருடன் சேர்ந்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 24-ஆம் வாரத்தில் குழந்தையின் இருதயத்தில் முழு அடைப்பு என்று தெரிந்தது. சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று நீதிமன்றம் ஆகஸ்டில் மனுவைத் தள்ளிவிட்டது. அடுத்த சில நாட்களிலேயே கர்ப்பம் தானாகக் கலைந்தது. நாடு முழுக்க அதைப் பற்றிப் பேசினார்கள். 2017 ஜனவரியில், தலை ஓடு உருவாகாத 24 வாரக் கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றம் ஒரு மும்பைப் பெண்ணுக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த மாதமே, டவுன் சிண்ட்ரோம் என்ற வேறொரு வழக்கில் 26 வாரத்தில் மறுத்தது. ஒவ்வொரு தாயும் தன் வயிற்றைப் பற்றி நீதிபதியிடம் மனுப்போட வேண்டிய நிலை. 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. குழந்தைக்குக் கடுமையான குறை என்று மாநில அரசு அமைக்கும் மருத்துவக் குழு முடிவு செய்தால் இப்போது வார வரம்பே இல்லை. மனு வந்த 3 நாளில் குழு கருத்துச் சொல்ல வேண்டும். அனுமதி என்றால் 5 நாளுக்குள் நடக்க வேண்டும்.

ஆக, கலைக்க விரும்புகிறவர்களுக்கு வழி திறந்துவிட்டது. அது நியாயமானது என்பது என் அபிப்பிராயம். ஆனால் பெற்றுக்கொள்ள விரும்புகிறவர்களைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அப்படி யார் விரும்புவார்கள் என்று கேட்கலாம். மத நம்பிக்கையால் சிலர். பல வருஷம் காத்திருந்து உண்டான கர்ப்பம் என்று சிலர். ‘என் கையால் முடிக்க மாட்டேன், அது எப்போது போகிறதோ அப்போது போகட்டும்’ என்பவர்கள் சிலர். அவர்களிடம் “ஏனம்மா வீண் வேதனை” என்பது சுலபம். அமெரிக்காவில் ஏமி கியூபல்பெக் என்ற பத்திரிகையாளர், இருதயத்தின் இடப்பாகம் வளராத தன் மகனைச் சுமந்து பெற்று, சில மணி நேரம் கையில் வைத்திருந்து வழியனுப்பியதை 2003-இல் புத்தகமாக எழுதினார். மருத்துவர்களிலும் சிலர் 1990-களிலிருந்து, முதியோருக்கும் புற்றுநோயாளிகளுக்கும் செய்கிற வலிநீக்கப் பராமரிப்பைப் பிறக்கப் போகும் குழந்தைக்கும் தயார் செய்யலாம் என்று எழுதி வந்தார்கள். பிரான்ஸில் 2005-ஆம் வருஷத்து லியொனெத்தி சட்டத்துக்குப் பிறகு பிரசவ மருத்துவமனைகளிலும் இது இடம் பிடித்தது. நம் நாட்டில் வலிநீக்கப் பராமரிப்புக்குக் கேரளம் வழிகாட்டி. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் சகாக்களும் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டம். பிறந்து சில நாள் இருக்கப் போகும் குழந்தைக்கும் இந்த வேலை நீள வேண்டும்.

தயாராவது என்றால் என்ன? பெரிய கருவிகள் எதுவும் தேவையில்லை. மருத்துவரிடம் முன்கூட்டிப் பேசி எழுதி வைத்துக்கொள்வது முதல் வேலை. குழாய் செருகுவதா வேண்டாமா, மூச்சுக் கருவி போடுவதா வேண்டாமா, பிறந்ததும் வேறு வார்டுக்கு எடுத்துப் போகாமல் தாயின் மார்பிலேயே வைக்க முடியுமா, வலி தெரிந்தால் என்ன மருந்து என்று கேட்க வேண்டும். குழந்தை போன பிறகும் தாய்க்குப் பால் கட்டும், அதற்கு என்ன செய்வது என்றும் கேட்க வேண்டும். இதை யாரும் முன்னால் சொல்வதில்லை. மூன்றாம் நாள் அவள் தனியாகத் தெரிந்துகொள்கிறாள்.

நம் வீடுகளில் இன்னும் சில சிக்கல்கள். வெளிநாட்டில் பெண்ணா ஆணா என்று முன்பே தெரிந்துகொண்டு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லியே பேசிக்கொண்டிருப்பார்கள். நம் நாட்டில் 1994-ஆம் வருஷச் சட்டப்படி பாலினம் சொல்லக் கூடாது. அது மிக அவசியமான சட்டம். ஆகவே இப்படிப்பட்ட குடும்பம் இரண்டு பெயர்களோடுதான் போக வேண்டும். வளைகாப்பு செய்வதா என்பது அடுத்த கேள்வி. ஏழாம் மாதம் வந்தால் அக்கம்பக்கம் கேட்கும். அடுக்கி வளையல் போட்டு அழைத்துப் போகும் சடங்கு குழந்தைக்காக மட்டும் அல்ல, தாய்க்காகவும்தான் என்று சொல்லி, நாலு பேரோடு வீட்டுக்குள் செய்த குடும்பத்தை எனக்குத் தெரியும். மாமியார்தான் முன்னின்று செய்தார். “வயிற்றில் இருக்கிறவரைக்கும் அது இந்த வீட்டுப் பிள்ளை” என்றார். ஐந்து வகைச் சாதமும் கட்டினார்கள். அந்தப் பெண் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள் என்று பிறகு சொன்னார்கள்.

அடக்கத்துக்கு யார் போவது, எங்கே என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு அதைத் தேட முடியாது. நம் பகுதியில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள். கத்தோலிக்கர்களில் அவசரத்துக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், நர்ஸ் கூட. இஸ்லாமியர்களில், உயிரின் அறிகுறி காட்டிய குழந்தைக்குப் பெயர் வைத்து, குளிப்பாட்டி, ஜனாஸா தொழுகை நடத்தி அடக்குவார்கள். இந்துக்களில்தான் சடங்கு ஏதும் இல்லை. இல்லை என்பதால் செய்யக் கூடாது என்று அர்த்தம் இல்லை. தாயும் வரட்டுமே. ஒரு கைப்பிடி மண் போடுவதை எந்த சாஸ்திரம் தடுக்கப் போகிறது?

கடைசியாக, குமாஸ்தாவின் பங்கு. சென்னை ராஜதானியில் 1899-ஆம் வருஷத்து 3-ஆம் சட்டப்படி பிறப்பு இறப்புகள் எழுதப்பட்டு வந்தன. இப்போது இருப்பது 1969-ஆம் வருஷத்து மத்திய சட்டம். அதில் உயிருள்ள பிறப்பு என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் உண்டு. எத்தனை மாதக் கர்ப்பமானாலும் சரி, தாயிடமிருந்து முழுதும் வெளிவந்த பின் மூச்சுவிட்டாலோ, வேறு ஏதாவது உயிர்க்குறி காட்டினாலோ அது உயிருள்ள பிறப்பு. ஒரு மூச்சு போதும். அந்தக் குழந்தைக்குப் பிறப்பும் பதிய வேண்டும், இறப்பும் பதிய வேண்டும். பிரெஞ்சுச் சட்டம் இதில் கறாரானது. அங்கே ‘உயிரோடும் வாழத் தகுதியோடும்’ பிறந்ததாக மருத்துவர் சான்று தந்தால்தான் இரண்டு பதிவும். பிழைக்க முடியாத குழந்தைக்கு 1806-இல் நெப்போலியன் ஆணைப்படி ‘உயிரின்றிக் கொண்டுவரப்பட்டது’ என்றே எழுதினார்கள். 1993-இல் ‘உயிரற்ற குழந்தைப் பதிவு’ என்று ஒன்று வந்தது. அதற்கும் 22 வாரம் அல்லது 500 கிராம் இருக்க வேண்டும் என்றார்கள். அப்படி எல்லை வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 2008 பிப்ரவரியில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் வந்த சட்டம், பெற்றோர் விரும்பினால் அந்தப் பதிவில் பெயரும் குடும்பப் பெயரும் எழுதலாம் என்றது. சொத்துரிமை ஏதும் அதனால் வராது. வெறும் பெயர்தான். அதற்காக அங்கே பெற்றோர் வருஷக்கணக்கில் போராடினார்கள்.

நம் சட்டத்தில் எதிர்ப்புறமாக ஒரு குறை. மூச்சுவிட்ட குழந்தைக்குத் தாராளம். 28 வாரத்துக்குப் பிறகு இறந்தே பிறந்தால் அதற்குத் தனியாக 3-ஆம் எண் படிவம். அதில் பாலினம் கேட்கிறார்கள், தாயின் படிப்பைக் கேட்கிறார்கள், காரணம் கேட்கிறார்கள். குழந்தையின் பெயருக்குக் கட்டம் இல்லை. ஒரு கட்டம் சேர்ப்பதில் அரசாங்கத்துக்கு என்ன செலவு?

குடும்பங்களுக்கு நடைமுறையாக இரண்டு விஷயம். ஒன்று, ஆஸ்பத்திரியில் பிறந்தால் தகவல் அனுப்புவது ஆஸ்பத்திரியின் பொறுப்பு, 21 நாள் கெடு. பதிவு குழந்தை பிறந்த இடத்தில்தான். ஆவடிக்காரர் எழும்பூரில் பெற்றால் சென்னை மாநகராட்சியில்தான் பதிவு, ஆவடியில் தேடினால் கிடைக்காது. படிவம் போவதற்கு முன் பெயரைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ‘இன்னாருடைய குழந்தை’ என்றே இரண்டு பக்கமும் நிற்கும். இரண்டாவது, விடுப்பு. மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு, குழந்தை இறந்தே பிறந்தாலோ பிறந்த 28 நாளுக்குள் இறந்தாலோ 60 நாள் சிறப்பு மகப்பேறு விடுப்பு உண்டு. 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி ஆணை. உயிரோடுள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் பிரசவம் நடந்திருக்க வேண்டும். மத்திய அரசுப் பணியில் இருக்கும் பெண்கள் ஆவடிப் பக்கம் நிறையப் பேர். பலருக்கு இந்த ஆணை தெரியாது. அந்த நேரத்தில் விதிப் புத்தகத்தைப் புரட்டும் நிலையிலும் அவர்கள் இருக்க மாட்டார்கள். கூட வேலை செய்கிறவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும், முடிந்தால் விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. “அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும்” என்று அந்த வீட்டில் சொல்லாதீர்கள். அடுத்தது பிறக்கட்டும், நல்லபடியாகவே பிறக்கட்டும். இப்போது போனது எதுவோ, அதன் பெயரைக் கேளுங்கள். பெயர் இருந்தால் சொல்வார்கள்.